ஐந்து சென்ட் கத்தி

அந்தக் கத்தியின் விலை ஐந்து சென்ட்.

எண்பது வருடப் பழைய எஃகு. சுருள் வரியோடிய பிர்ச் மரப் பிடி. போருக்குப் பின் பசியில் கிடந்த வருடங்களில்கூட அந்தக் குடும்பம் அதை விற்கவில்லை. ஹெல்சிங்கியிலிருந்து காரில் வந்த சேகரிப்பாளர் ஒருவர் மூவாயிரம் யூரோ வரை ஏறிப் பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக்கூட முடிக்காமல் திரும்பிப் போனார்.

ஆனால் பரிசாகக் கை மாறினால் ஐந்து சென்ட்தான்.

கத்தியைச் சும்மா வாங்கினால் அது கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இருக்கும் உறவை வெட்டிவிடும். அதனால் வாங்குகிறவர் ஒரு சில்லறைக் காசு கொடுத்துவிட வேண்டும். பின்லாந்தின் கைனூ காட்டுப் பக்கம் இதை மறந்தவர் இல்லை.

நவம்பர். ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு பத்து.

கான்ஸ்டபிள் ரைலியின் வீட்டில் ஃபோன் அடித்தது.

ரைலிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுபெற இன்னும் நூற்று நாற்பது நாள். அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"ரைலி... இல்போ பேசறேன்."

"சொல்லு."

"கைசு போயிட்டா."

"எங்க?"

 

"ஏரிக்குள்ள."

ரைலி கஞ்சியை இறக்கி வைத்தாள்.

*

இல்போவுக்கு நாற்பத்து மூன்று. விறகு வியாபாரி. அவன் தங்கை கைசுவுக்கு முப்பத்தேழு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு சனி, ஞாயிறு அண்ணனும் தங்கையும் காட்டுக்குப் போவார்கள். கோடாரி, கத்தி, ஒரு கரி பிடித்த பாத்திரம். கூடாரம் கிடையாது. நெருப்பைத் தாங்களே மூட்டி, படுக்கையைக் கிளைகளாலேயே பரப்பி, குளிரோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டிவிட்டு வருவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் உண்டு.

இந்த வருடம் அவர்கள் போவார்களா என்றே ஊருக்குச் சந்தேகம்.

காரணம், எண்பது ஹெக்டேர்.

அப்பா விட்டுப்போன காடு. காற்றாலைக் கம்பெனி ஒன்று அதற்கு ஆறு லட்சம் யூரோ விலை பேசியிருந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும். இல்போவின் கையெழுத்து தயார். கைசுவினுடையது எந்த விலைக்கும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் ரைலிக்குத் தெரியும். பத்து மணிக்கு ஹவுக்கி ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்தும்போதே தெரியும்.

ஏரியில் மூன்று விரல் கனத்துக்குப் புதுப் பனிக்கட்டி. கரையிலிருந்து இருபது அடியில் ஒரு கருப்பு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் சிவப்புக் கம்பளித் தொப்பி.

இல்போ நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் மரக் கோப்பை. கண்கள் சிவந்திருந்தன.

"எப்ப நடந்தது?"

"ஏழு மணி இருக்கும். தண்ணி மொண்டுட்டு வரேன்னு போனா. கரையோரம் சேறா இருக்குன்னு உள்ள நடந்திருக்கா. பனி உடையற சத்தம் கேட்டுது. ஓடினேன். தொப்பிதான் இருந்தது."

"நீ உள்ள இறங்கலையா?"

"இறங்கினா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"சரிதான். ராத்திரி இங்கதான் படுத்தீங்களா?"

"இங்கதான். நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு ரெட்டைக்கட்டை மூட்டினேன். விடிய விடிய எரிஞ்சுது. ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினோம்."

"சண்டை எதுவும்...?"

"சமாதானம் ஆயிட்டோம் ரைலி." அவன் குரல் உடைந்தது. "நேத்து மத்தியானம் அப்பாவோட கத்திய அவளுக்கே கொடுத்துட்டேன். காடு வேணாம், கையெழுத்தும் வேணாம், நீதான் வேணும்னு சொன்னேன். அவளும் காசு கொடுத்தா. இதோ..."

பர்ஸைத் திறந்து ஒரு ஐந்து சென்ட் காசை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

ரைலி அதைப் பார்த்தாள். தொடவில்லை.

"நல்லது. காபி ஆறுது, குடி."

*

முங்கி தேடுகிற ஆட்கள் வர நான்கு மணி நேரம் ஆகும் என்று தகவல் வந்தது. அதற்குள் போலீஸ் மோப்ப நாய் வந்துவிட்டது.

நாயின் பெயர் ஹில்லா. நாயின் கயிற்றைப் பிடித்திருந்தவன் பெயர் ஆர்த்தோ. இரண்டில் ஹில்லாவுக்குத்தான் பொறுமை அதிகம்.

ஆர்த்தோ வரும் வழியில் கைசுவின் வீட்டு வாசலிலிருந்து ஒரு செருப்பை எடுத்து வந்திருந்தான். ஹில்லா செருப்பை முகர்ந்தது. படுக்கையைச் சுற்றியது. நெருப்பைச் சுற்றியது. கரைக்குப் போய்த் தொப்பி இருந்த திசையைப் பார்த்துக் குரைத்தது. திரும்பி வந்து ஆர்த்தோவின் காலடியில் உட்கார்ந்துவிட்டது.

ரைலி குரலைத் தாழ்த்தினாள். "என்ன சொல்லுது?"

"தொப்பி வந்திருக்குன்னு சொல்லுது. தலை வரலையாம்."

"விளையாடாதே."

"விளையாடலை ரைலி. ஒரு பொம்பளை இங்க ராத்திரி பூரா படுத்திருந்தா இந்தக் கிளையெல்லாம் அவ வாசனையா இருக்கும். ஹில்லாவப் பொறுத்தவரை கைசு இந்தக் கரைக்கு வந்ததே இல்லை."

"அவனோட தடம்?"

"காரிலிருந்து இங்க. இங்கிருந்து பனிக்கு. அவ்வளவுதான். கார் நானூறு அடி தள்ளி நிக்குது."

ரைலி எழுந்து நெருப்பிடம் போனாள். குளிர் காய்வதுபோல் கையை நீட்டிக்கொண்டு குனிந்தாள்.

இரட்டைக்கட்டை நெருப்பு என்பது காட்டில் தூங்குகிறவனின் கடிகாரம். ஆள் நீளத்துக்கு இரண்டு காய்ந்த பைன் மரத்துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் தீ வைப்பார்கள். தீ மெல்ல மெல்ல இரண்டு கட்டையையும் உள்ளேயிருந்து தின்னும். சாயங்காலம் ஆறுக்கு மூட்டினால் காலையில் கட்டை கைப்பிடி அளவுக்கு இளைத்திருக்கும்.

இந்தக் கட்டைகள் இரண்டும் கொழுத்துக் கிடந்தன.

ரைலி ஒரு குச்சியால் கரியைச் சுரண்டினாள். இரண்டு விரல் ஆழம். அதற்கு மேல் வெள்ளை மரம்.

நான்கு மணி நேரத் தீ. அதிகம் போனால் ஐந்து.

படுக்கைக் கிளைகளைத் தூக்கினாள். அடியில் புல் நுனியெல்லாம் உறைபனி. நேற்று மாலை ஈரம் படியும் முன்பே கிளை பரப்பியிருந்தால் அந்தப் புல் வெறும் புல்லாக இருக்க வேண்டும்.

மணி பதினொன்று நாற்பது.

ஆர்த்தோவைத் தனியாக அழைத்தாள்.

"இந்த இடம் விடிகாலையில போட்ட நாடக மேடை. ராத்திரி ரெண்டு பேரும் வேற எங்கயோ இருந்திருக்காங்க. கைசு இன்னும் அங்கதான் இருக்கா."

"உயிரோடவா?"

"தெரியாது. மூணரைக்கு இருட்டிடும். இன்னிக்கு ராத்திரி மைனஸ் பன்னெண்டு. உயிரோட இருந்தாலும் நாளைக்கு இருக்க மாட்டா."

"அவனைப் பிடிச்சு உலுக்கிருவோமா?"

"உலுக்கினா வக்கீலைக் கூப்பிடுவான். வக்கீல் வந்து சேர்றதுக்குள்ள அவ விறைச்சுப்போவா."

"அந்த ஐந்து சென்ட்டப் பார்த்தியா? இந்தக் காலத்துல எவன் பையில சில்லறை வெச்சிருக்கான்? நானே சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்கு பிளாஸ்டிக் வில்லைதான் வெச்சிருக்கேன்."

"அவ கொடுக்கலைன்னு நிரூபிக்க முடியாது."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

ரைலி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் சரக்கைக் குறை சொல்லப் போறேன்."

*

விலை படியாத வியாபாரியிடம் கெஞ்சக் கூடாது. அவன் சரக்கைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். பேசாதவனும் பேசுவான்.

ரைலி இல்போவுக்கு எதிரே ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கம்பு ரொட்டியை எடுத்துப் பிய்த்து அவனிடம் பாதியை நீட்டினாள்.

"உங்க அப்பாவை நினைச்சுக்கிட்டேன்."

"ம்."

"அவர் நெருப்பு மூட்டினா ஊரே வந்து பார்க்கும்."

"ம்."

"உனக்கு அந்தக் கை வரலை. இல்ல?"

இல்போ நிமிர்ந்தான். "என்ன?"

"கோவிச்சுக்காதே. இந்த ரெட்டைக்கட்டையப் பார்த்தேன். பதினேழு மணி நேரம் எரிஞ்சும் பாதிகூட வேகலை. ஈர மரமோ?"

"காஞ்ச மரம்தான்."

"அப்ப இடைவெளி சரியா விடலை. முதல் தடவை காட்டுக்கு வர்ற டவுன் பசங்க பண்ற தப்பு. பரவாயில்ல, வயசானா கண்ணு தெரியாது."

"ரைலி, என் தங்கச்சி செத்துக் கிடக்கா. நீங்க விறகைப் பத்திப் பேசறீங்க."

"பொழுது போகணுமில்ல. முங்கறவங்க வர ரெண்டு மணி ஆகும்." ரொட்டியை மென்றாள். "ஆர்த்தோகூட சொன்னான். உன்கிட்ட விறகு வாங்கினா சிம்னி பூரா கரியாம்."

தள்ளி நின்ற ஆர்த்தோ சளைக்கவில்லை. "போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினேன். பத்த வெக்க ஒரு நியூஸ்பேப்பர் முழுசும் ஆச்சு. விளையாட்டுப் பக்கம்கூட மிஞ்சலை."

இல்போவின் கழுத்தில் நரம்பு எழுந்தது.

"ஏய். இந்த ஜில்லாவுல வந்து யாரை வேணா கேளு. முப்பது வருஷம். நான் தங்கிட்டுப் போன குடிசையில எனக்குப் பின்னாடி வந்தவன் எவனாவது ரெண்டாவது தீக்குச்சி கிழிச்சிருக்கானா? ஒண்ணு. ஒரே ஒரு பொறி போதும். எங்கப்பா கத்துக்கொடுத்தது. ஆள் கிளம்பும்போது அடுத்து வர்றவனுக்கு அடுப்பு தயாரா இருக்கணும். அடியில பட்டை, மேல சீவல், அதுக்கு மேல சிராய். நான் செத்தாலும் அத விடமாட்டேன். கை தானாச் செய்யும்."

"தானாச் செய்யுமா?"

"தானா. ராத்திரிகூட..."

பேச்சு நின்றது.



ரைலி ரொட்டியைப் பையில் வைத்தாள். மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ராத்திரி எந்த அடுப்பு இல்போ? இங்க அடுப்பே இல்லையே."

"நான்... பொதுவாச் சொன்னேன்."

"கொர்ப்பி மலை மேல உங்க அப்பா கட்டின குடிசை ஒண்ணு இருக்கே."

"அது கூரை விழுந்து கிடக்கு. மூணு வருஷமா யாரும் போறதில்லை."

"அப்படியா?"

"அப்படித்தான்."

அவன் சொல்லிக்கொண்டே பார்வையைத் திருப்பினான். ஏரிக்கு அந்தப் பக்கம். ஆறு கிலோமீட்டர் தள்ளி, கருநீலமாக ஒரு மலை முதுகு.

பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான்.

கையிலிருந்த மரக் கோப்பை நழுவி விழுந்து காபி சாம்பலில் சீறியது.

ரைலி திரும்பினாள்.

கொர்ப்பி மலையின் தோளில்... மெல்லிசாக, நேராக, வெள்ளையாக...

புகை.

"கூரை விழுந்த வீட்டுல சிம்னி மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றான் ஆர்த்தோ.

இல்போவின் உதடு அசைந்தது. குரல் அவனுடையதாகவே இல்லை.

"இல்ல... அவ செத்துட்டா... நான் தொட்டுப் பார்த்தேன்... சில்லுன்னு இருந்தா..."

"செத்தவ அடுப்பு பத்த வெக்க மாட்டா இல்போ," என்றாள் ரைலி. "கைய நீட்டு."

விலங்கு பூட்டும் சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது.

*

ஜீப் கொர்ப்பி மலைக்கு ஏறி நின்றபோது மணி ஒன்று ஐந்து.

குடிசைக் கதவுக்கு வெளியே ஒரு தடித்த கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. ஆர்த்தோ அதை உதைத்துத் தள்ளினான். ஹில்லா முதலில் நுழைந்தது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரே, ஒரு கம்பளி விரிப்பில் பாதி சுருண்டு, பாதி வெளியே கிடந்தாள் கைசு. முடி ரத்தத்தில் காய்ந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே தப்பான திசையில் வளைந்திருந்தது. வலது கையில் அப்பாவின் கத்தி.

கதவு திறந்ததும் கத்தி உயர்ந்தது.

"நான்தாம்மா, ரைலி... போலீஸ் ரைலி."

கத்தி இறங்கியது.

"அவனா... வெளியில?"

"ஜீப்புல இருக்கான். விலங்கு மாட்டியாச்சு."

"இன்னொரு விறகு போடு," என்றாள் கைசு. "எனக்கு எட்டலை." கண்ணை மூடிக்கொண்டாள்.

குடிசை சுத்தமாக இருந்தது.  தரை கூட்டியிருந்தது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. வாளியில் தண்ணீர். அடித்துப் போட்ட தங்கையைக் கம்பளத்தில் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்து வருகிறவருக்காக வீட்டை ஒழுங்குபண்ணிப் போயிருக்கிறான்.

பனி இறுகும் முன் ஒரு நாள் தனியே வந்து தரைப்பலகைக்கு அடியில் புதைப்பதாகத் திட்டம். அதைப் பிறகு அவனே சொன்னான்.

*

மூன்றாம் நாள். மாவட்ட ஆஸ்பத்திரி.

கைசுவின் தலையில் பதினெட்டுத் தையல். கையில் மாவுக்கட்டு. பக்கத்து மேசையில் ஆஸ்பத்திரி காபி. அதை இரண்டு பேருமே தொடவில்லை.

ரைலி வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை அப்பா குடிசையிலயே தங்கலாம்னு கூட்டிட்டுப் போனான். சனிக்கிழமை மத்தியானம் கத்திய நீட்டினான். பின்னாலேயே காகிதத்தையும் நீட்டினான்."

"கையெழுத்துக்கு."

"ஆமா. கையெழுத்துக்குக் கத்தியான்னு கேட்டேன். கத்திய எடுத்து பெல்ட்ல மாட்டிக்கிட்டேன். அப்பா கத்தியில பாதி எனக்கும்தானே? காகிதத்த அடுப்புல போட்டேன்."

"அப்புறம்?"

"ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசவே இல்லை. காபிக்குத் தண்ணி வெக்கக் குனிஞ்சேன். பின்னாலிருந்து விறகுக்கட்டை. முதல் அடிய கையால தடுத்தேன். ரெண்டாவது தெரியலை."

"எப்ப முழிச்சே?"

"மேசையில வெயில் விழுந்திருந்தது. பதினொண்ணு இருக்கும். கம்பளத்துக்குள்ள கிடந்தேன். அதனாலதான் சாகலைன்னு டாக்டர் சொல்றார். கதவு திறக்கலை. கால் நிக்கலை. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. தவழ்ந்து அடுப்புகிட்ட போய்க் கதவத் திறந்து பார்க்கறேன்..."

அவள் சிரிக்கப் பார்த்தாள். தையல் விடவில்லை.

"பட்டை, சீவல், சிராய். வரிசையா. சீவல் ஒவ்வொண்ணும் ரிப்பன் மாதிரி. என்னைக் கொன்னுட்டு உட்கார்ந்து சீவியிருக்கான் ரைலி."

"தீப்பெட்டி?"

"எடுத்துட்டுப் போயிட்டான். ஆனா என் கழுத்துல, உரசினா பொறி பறக்கற கம்பி இருந்தது. அத முழங்காலுக்கு அடியில அமுக்கிப் பிடிச்சேன். அப்பா கத்தியோட முதுகால ஒரே ஒரு இழுப்பு. பத்திக்கிச்சு."

"ஒரே பொறி."

"ஒரே பொறி. எங்க அண்ணனோட அடுப்பாச்சே."

ரைலி பேனாவை மூடினாள். ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் படுக்கையில் வைத்தாள். உள்ளே கத்தி.

"கோர்ட்டுக்குப் போயிட்டு உன்கிட்டயே வந்துடும். இன்னொண்ணு. நீ இதுக்கு அஞ்சு சென்ட் கொடுத்ததா சொல்றான்."

"பொய். நான் கொடுக்கலை. கேட்டான். சமாதானம் ஆனப்புறம் தரேன்னேன்."

ரைலி கோட்டுப் பையைத் துழாவினாள். ஒரு ஐந்து சென்ட் காசு கிடைத்தது. நீட்டினாள்.

"வேணும்னா கடன் தரேன். கொடுக்காம விட்டா உறவு வெட்டுப்படும்னு சொல்வாங்க."

கைசு காசைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

"தெரியும். உள்ள வெச்சுக்கோ."

மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எட்டு வருடம் நான்கு மாதம். காற்றாலைக் கம்பெனி வேறு காடு பார்த்துக்கொண்டது.

ரைலி ஓய்வுபெறும் முன் அந்த வழக்கின் ஃபைலை மூடினாள். மூடும்போது கடைசிப் பக்கத்தில், அரசாங்கம் கேட்காத ஒரு கணக்கைப் பென்சிலால் எழுதினாள்.

கத்தி ஒன்று: ஐந்து சென்ட்.

அடுப்பு மூட்டுக் கூலி: கேட்கவில்லை.

வரவு: ஓர் உயிர்.

பாக்கி: ஐந்து சென்ட். வசூலிக்க இல்போவுக்கு எட்டு வருடம் வாய்தா.